கிளாரினெட் அடம்பிடித்தால் எங்கே பார்க்க வேண்டும்

பழுதுபார்க்கக் கற்றுக்கொண்ட காலத்தில் நான் முதலில் கெடுத்த கிளாரினெட் என்னுடையதுதான். கீழ் ஸ்வரங்கள் சரியாகப் பேசவில்லை என்று, கண்ணில் பட்ட ஸ்க்ரூவையெல்லாம் ஒரு மாலை முழுக்கத் திருகிப் பார்த்தேன். இரவு எட்டு மணிக்கு எந்த ஸ்வரமும் பேசவில்லை. மறுநாள் ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்னால் அவர் ரீடை, அதாவது ஊதும் வாயில் கட்டியிருக்கும் மெல்லிய நாணல் தகட்டை, கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முனையில் மயிரிழை போல ஒரு பிளவு. "இதற்கா இத்தனையும்?" என்றார். நான் திருகிவைத்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அவருக்கு அரை நாள் பிடித்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ரீடு, அடுத்து விரல், அடுத்து ஈரம், அதற்குப் பிறகு பேடும் (கீயின் அடியில் துளையை மூடும் மெத்தை) கார்க்கும். ஸ்க்ரூ எல்லாவற்றுக்கும் கடைசி. ஸ்க்ரூவைத் தொடுமுன் அதன் வெட்டு எந்தத் திசையில் நிற்கிறது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்குக் கால் திருப்புக்கு மேல் கூடாது.

கீழே சொல்வதெல்லாம் 17 கீ, 6 வளையம் கொண்ட சாதாரண போம் அமைப்பு பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு. ஸ்வரப் பெயர்கள் தாளில் எழுதப்படுகிறபடி, காதில் ஒலிக்கிறபடி அல்ல. நம் பக்கத்துப் பழைய பேண்டு செட்டுகளில் ஆல்பர்ட் அமைப்பு வாத்தியங்களைக் காணலாம். அவற்றில் கீக்களின் இணைப்பு வேறு. ரீடு, ஈரம், கசிவு பற்றிச் சொல்வது அவற்றுக்கும் பொருந்தும்.

திடீரென்று கீச்சிடுகிறது

எந்த ஸ்வரத்தில் கீச்சிடுகிறது என்று கவனியுங்கள். கண்ட இடத்தில் கீச்சிட்டால் ரீடு அல்லது வாய். எப்போதும் ஒரே ஸ்வரத்தில் என்றால் விரல் அல்லது பேடு. இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

ரீடை முதலில் பாருங்கள். முனை மவுத்பீஸின் முனையோடு சேர்ந்து நிற்க வேண்டும். நேர் எதிரே பார்த்தால் ரீடுக்கு மேலே மவுத்பீஸின் கறுப்பு மயிரிழை அளவே தெரிய வேண்டும். ரீடு சற்று ஒருபுறம் சாய்ந்திருந்தாலும் கீச்சு வரும். மெலிந்துபோன ரீடை ஒரு மயிரிழை மேலே தள்ளிக் கட்டினால் கொஞ்சம் விறைப்பாகும். கடினமான ரீடைச் சற்று கீழே இறக்கினால் இளகும். காசு செலவில்லாத சரிசெய்தல் இதுதான். ஆனால் புது ரீடு வாங்கக் கடைக்கு ஓடுகிறவர்களே அதிகம்.

ரீடின் முனை நெளிந்திருந்தால் அது உலர்ந்த ரீடு. ஒரு நிமிடம் தண்ணீரில் நனைத்து, கண்ணாடித் துண்டின் மேல் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நெளிவு போய்விடும். பின்பக்கமே கோணியிருந்தால் நெளிவு போனாலும் கீச்சு போகாது. கண்ணாடியின் மேல் 400 அல்லது 600 எண் உப்புத்தாளை விரித்து, ரீடின் தட்டைப் பக்கத்தை நாலைந்து தடவை தேயுங்கள். முனையில் விரலை அழுத்தாதீர்கள். அங்கே கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஒரு தடவை கூடுதலாகத் தேய்த்தால் அந்த ரீடு குப்பைக்கு.

ஒரு பக்கம் மட்டும் விறைத்த ரீடும் கீச்சிடும். மவுத்பீஸை வாயில் சற்று இடப்பக்கம் திருப்பி ஊதுங்கள், பிறகு வலப்பக்கம் திருப்பி ஊதுங்கள். எந்தப் பக்கத்தில் ஒலி வரக் கஷ்டப்படுகிறதோ, அந்தப் பக்கத்தின் சரிவில் உப்புத்தாளின் மூலையால் இரண்டு இழு இழுத்து மறுபடி ஊதிப் பாருங்கள்.

அடுத்தது விரல். ஒரே ஸ்வரத்தில் கீச்சிட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது வலக்கை மோதிர விரலை. அந்தத் துளை பெரியது, விரல் ஓரமாக நழுவுவது எளிது. இன்னொரு திருட்டுக் காரணமும் உண்டு. வலக்கை ஆள்காட்டி விரலின் அடிப்பாகம் பக்கவாட்டுக் கீக்களில் ஒன்றை உரசித் திறந்துவிடும். கண்ணாடிக்கு முன்னால் நின்று ஊதினால் உடனே தெரியும். கமகத்துக்காக விரலை உருட்டுகிறவர்களுக்கு இது சாதாரணம். கிளாரினெட் வித்வான் திருச்சி ஏ.கே.சி. நடராஜனின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு அவர் குழைவைப் பிடிக்க முயலும் மாணவர்களின் விரல்கள் வளையத்தின் ஓரத்தில் மேலும் கீழும் அலைவதைப் பார்க்கிறேன். அதில் தவறில்லை. ஆனால் பாதி திறந்த துளையை மறுபடி முழுதாக மூட வேண்டும் என்பதை விரல் மறந்துவிடக்கூடாது.

கீழ் ஸ்வரங்கள் மூச்சை விழுங்குகின்றன

மேல் ஸ்வரங்கள் பரவாயில்லை, கீழே போகப்போகக் கூடுதலாக ஊத வேண்டியிருக்கிறது, மென்மையாக ஊதினால் வருவதே இல்லை. இப்படியிருந்தால் எங்கோ கசிகிறது. கீழே போகப்போக நீங்கள் மூடும் துளைகளும் கூடுகின்றன. அவற்றில் ஒன்று சரியாக மூடவில்லை என்றால் அதற்குக் கீழே உள்ள எல்லா ஸ்வரங்களுமே பாதிக்கப்படும். எனவே மேலிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக மெதுவாக இறங்குங்கள். முதன்முதலில் எந்த ஸ்வரம் சோர்கிறதோ, அதற்காகப் புதிதாக மூடிய துளை அல்லது பேடுதான் குற்றவாளி. சில நேரம் அதற்கு ஒரு படி மேலே இருக்கும்.

உறுதிப்படுத்த ஒரு பழைய சோதனை. மேல் துண்டை மட்டும் எடுங்கள். மூன்று விரல் துளைகளையும் பின்னாலுள்ள கட்டைவிரல் துளையையும் மூடி, அடிப்பக்கத்தை மறு உள்ளங்கையால் அடைத்து, மேல் வாயில் உதடு பதித்துக் காற்றை உறிஞ்சுங்கள். நாக்கை இழுத்துக்கொண்டு ஒட்ட வேண்டும். மூன்று எண்ணும்வரை அப்படியே நின்று, விலக்கும்போது 'பொப்' என்று விட்டால் நல்ல நிலை. உடனே நழுவினால் கசிவு. கீழ்த் துண்டுக்கும் இதே சோதனைதான். மூன்று விரல்களோடு வலக்கைச் சுண்டுவிரலால் ஈ/பி கீயையும் (கீழ் ஈ, மேல் பி இரண்டுக்கும் உரிய கீ) அழுத்தி, அடிப்பக்கத்தைத் தொடையில் அழுத்தி உறிஞ்சுங்கள். கீழ்த் துண்டு மேல் துண்டளவுக்கு இறுக்கமாக நிற்காது. அதற்காகப் பயந்துவிட வேண்டாம்.

எந்தப் பேடு என்று பிடிக்கச் சிகரெட் சுற்றும் தாள் போதும். பசை ஓரத்தை வெட்டிவிட்டு, ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நீளத் துண்டு எடுங்கள். பேடுக்கும் துளைக்கும் இடையில் வைத்து, ஊதும்போது அழுத்தும் அதே மெல்லிய அழுத்தத்தில் கீயை மூடி, தாளை மெதுவாக இழுங்கள். பேடைச் சுற்றி நான்கு திசையிலும் இப்படிப் பாருங்கள். மூன்று பக்கம் பிடித்து ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில்தான் காற்று போகிறது. இதைக் கைக்குக் கற்றுக்கொடுக்க இரண்டு நாள் ஆகும். பிறகு கண்ணே தேவையில்லை.

பேடை மறுபடி உட்காரவைப்பது எப்படி என்று கேட்பவர்களுக்குத் தயக்கத்தோடு சொல்கிறேன். மர வாத்தியங்களில் பேடைக் கிண்ணத்தில் ஒட்டிவைத்திருப்பது பெரும்பாலும் அரக்கு. சிறிய தீச்சுடரைக் கிண்ணத்தின் முதுகில் இரண்டு மூன்று விநாடி காட்டினால் அது இளகும். அப்போது பேடை நேராக்கி மூடி, ஆறும்வரை மெல்லப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் வாத்தியத்தில் தீயே கூடாது. உடல் உருகிவிடும். மர வாத்தியத்திலும் முதல் முயற்சியை யாருக்கும் வேண்டாத ஒரு பழைய கீழ்த் துண்டில் செய்து பாருங்கள். பேடின் மேல் சவ்வு கிழிந்திருந்தால் உட்காரவைத்துப் பயனில்லை. அந்தக் கிழிசலிலிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தமும் சில நேரம் ஈ பறப்பது போன்ற ரீங்காரமும் வரும். மாற்றிவிடுங்கள்.

வளையங்களின் உயரத்தையும் பாருங்கள். வளையம் துளையின் விளிம்புக்குக் கீழே போய்விட்டால், விரல் துளையை மூடிவிடும். ஆனால் அந்த வளையத்தோடு சேர்ந்த பேடு இன்னும் மேலே நிற்கும். ஊதுகிறவர் 'எல்லாத் துளையையும் மூடித்தானே இருக்கிறேன்' என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வது உண்மைதான்.

நீள பி வரவே மறுக்கிறது

எல்லா விரல்களையும் மூடி, ஸ்வரங்களை மேலே தாவவைக்கும் ரெஜிஸ்டர் கீயைத் திறந்து ஊதும் நடு பி. கிளாரினெட் எட்டாவது ஸ்வரத்துக்குத் தாவாமல் பன்னிரண்டாவதுக்குத் தாவும் வாத்தியம். அதனால் கீழ் ஈயின் விரலமைப்பே மேலே பி ஆகிறது. எல்லாப் பேடுகளும் சேர்ந்து மூட வேண்டிய ஸ்வரம் இது. எங்கே சின்னக் குறை இருந்தாலும் முதலில் இதுதான் சண்டைக்கு வரும்.

ஈ/பி கீயை அழுத்தும்போது அதன் பேடும் எஃப்/சி கீயின் பேடும் ஒரே நொடியில் மூட வேண்டும். இரண்டையும் இணைப்பது கீழ்த் துண்டில் காக்கைக் கால் போல இரு பக்கம் விரிந்திருக்கும் சிறு தகடு. சோதனை எளிது. ஈ/பி கீயை இடக்கைச் சுண்டுவிரலால் மட்டும் அழுத்தி பி ஊதுங்கள். பலவீனமாக இருந்தால் வலக்கைச் சுண்டுவிரலை எஃப்/சி கீயிலும் வையுங்கள். உடனே தெளிந்தால், எஃப்/சி பேடு தானாக முழுதாக மூடவில்லை என்று பொருள். ஈ/பி நெம்புகோல் காக்கைக் காலைத் தொடும் இடத்தில் மெல்லிய தாள் ஒன்றை ஒட்டிப் பாருங்கள். தபால் உறையின் தாளளவு கனம் பெரும்பாலும் போதும். இரண்டு சிகரெட் தாள்களை இரண்டு பேடுகளின் அடியிலும் ஒரே நேரத்தில் வைத்து இழுத்தால் எது முந்துகிறது என்று தெரிந்துவிடும்.

எஃப்/சி கீயை அழுத்தியும் மாற்றம் இல்லை, ஈ/பி கீயைப் பலமாக அழுத்தினால் மட்டும் பேசுகிறது என்றால் கதை தலைகீழ். எஃப்/சி பேடு முந்திக்கொண்டு மூடி, ஈ/பி பேடைத் தொங்கவிட்டிருக்கிறது. அங்கே ஒட்டியிருப்பதைச் சற்று மெலிதாக்க வேண்டும். காக்கைக் காலை இடுக்கியால் வளைத்துச் சரிசெய்பவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நல்ல வார்ப்பாக இல்லாவிட்டால் சட்டென்று முறிந்துவிடும்.

ஆள்காட்டி விரல் இரண்டையும் வைத்து ஊதும் பி ஃபிளாட் பேசவில்லை

ஒரு கல்யாண வரவேற்பில் இதே கோளாறு எனக்கு வந்தது. மேடைக்கு அழைத்துவிட்டார்கள். அவசரத்தில் இரண்டு துண்டுகளையும் சேர்க்கும்போது மேல் வளையங்களை அழுத்திப் பிடிக்காமல் முறுக்கிவிட்டேன். 'டிக்' என்று ஒரு சத்தம். கேட்டும் கேட்காதது போல் விட்டுவிட்டேன். முதல் பாட்டின் அனுபல்லவியில் அந்த ஸ்வரம் காற்றாகப் போனது. மீதி நேரம் முழுக்க அதை வேறு விரலமைப்பில் சமாளித்தேன். பார்த்தவர்கள் பாவனை என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டு துண்டுகளுக்கும் நடுவே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் பாலக் கீதான் காரணம். கீழ்த் துண்டின் கை மேல் துண்டின் கைக்கு அடியில் நிற்கிறது. வலக்கை வளையங்களை அழுத்தும்போது அது மேலே எழும்பி, மேல் துண்டின் ஒரு பேடை மூடவைக்கிறது. நடுவிலுள்ள மெல்லிய கார்க் தேய்ந்தாலோ கை வளைந்தாலோ பேடு முழுதாக மூடாது. அப்போது மேற்சொன்ன பி ஃபிளாட், அதன் கீழ் ஜோடியான ஈ ஃபிளாட் இரண்டுமே மங்கும். முதலில் இரண்டு துண்டுகளும் நேராகச் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பாலத்தின் கைகள் ஒரே கோட்டில் இல்லை என்றால் அரை மில்லிமீட்டர் திருப்பினாலே சரியாகிவிடும். நேராகத்தான் இருக்கிறது என்றால் தாளைத் துண்டாக்கி இடையில் வைத்து ஊதிப் பாருங்கள். பேசிவிட்டால் அந்தக் கனத்துக்குப் புதுக் கார்க் ஒட்டுங்கள்.

அளவுக்கு மீறிக் கனமான கார்க் ஒட்டினால் எதிர்க் கோளாறு வரும். மேல் பேடு முந்தி மூடி, கீழ் வளையத்தின் பேடு இடைவெளியோடு நிற்கும். கீழ் ஸ்வரங்கள் எல்லாமே கனத்துப்போகும். நான் பார்த்த 'பழுதுபார்த்துக் கெட்டுப்போன' வாத்தியங்களில் இது அடிக்கடி தென்படுவது.

வாத்தியம் முழுவதுமே அடைத்தாற்போல் இருக்கிறது

எந்த ஸ்வரமும் தப்பாக இல்லை, எதுவும் சரியாகவும் இல்லை. இப்படி வரும் வாத்தியத்தில் நான் நேராக மேலே தொண்டைப் பகுதியிலுள்ள ஏ கீயைப் பார்ப்பேன். அதன் முதுகில் ஒரு சிறு ஸ்க்ரூ உண்டு. பக்கத்து ஜி ஷார்ப் கீயோடு அதற்குள்ள இடைவெளியை அதுதான் தீர்மானிக்கிறது. அதிகமாக உள்ளே போய்விட்டால் இரண்டு பேடுகளில் ஒன்று ஒருபோதும் முழுதாக மூடாது. மேலே கசிவதால் கீழே எல்லாம் நாசம். ஏ கீயின் மேல் விரலை வைத்து லேசாக அசையுங்கள். மயிரிழை அளவுக்கு வெற்று ஆட்டம் தெரிய வேண்டும். ஆட்டமே இல்லை என்றால் ஸ்க்ரூவைக் கால் திருப்பு தளர்த்துங்கள். நான் அன்று மாலை திருகிய முதல் ஸ்க்ரூ இதுதான், அதுவும் உள்நோக்கி.

சரியான இடம் கிடைத்ததும் ஸ்க்ரூவின் தலையில் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு பொட்டு வையுங்கள். தானாகச் சுற்றாது, வேண்டும்போது கழற்றவும் முடியும்.

தொண்டை பி ஃபிளாட் மட்டும் மங்கல்

இந்த ஸ்வரம் பிறவியிலேயே மங்கல்தான். ஏ கீயையும் ரெஜிஸ்டர் கீயையும் சேர்த்துத் திறந்து, ரெஜிஸ்டர் மாற்றுவதற்காக வைத்த ஒரு சிறு குழாய் வழியாக ஒலிக்கவைக்கிறோம். வலக்கை நடு விரலையும் மோதிர விரலையும் சேர்த்து மூடினால் கொஞ்சம் நிறம் கூடும். ஆனால் திடீரென்று மோசமானால் அந்தச் சிறு குழாயில் பஞ்சும் அழுக்கும் சேர்ந்திருக்கும். பின்பக்கம் ரெஜிஸ்டர் கீயைக் கழற்றி, குழாய் துடைக்கும் பஞ்சுக் கம்பியால் ஒரு சுற்று விட்டால் போதும். துணியை உள்ளே இழுத்துத் துடைக்கிறவர்கள் அது அங்கே சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் முடிச்சு மாட்டிக்கொண்டால் வேறொரு நாளின் கதையாகிவிடும்.

களகளவென்று தண்ணீர்ச் சத்தம்

மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த உட்சுவரில் நீராகி, எப்போதும் ஒரே பாதையில் வழிந்து ஒரே துளையில் போய் நிற்கும். அந்தத் துளையின் கீயைத் திறந்து, மேலிருந்து சட்டென்று ஊதினால் வெளியே வரும். மிச்சத்தைச் சிகரெட் தாளால் ஒற்றி எடுங்கள். பிறகு வாத்தியம் முழுவதையும் துணியால் துடைத்துவிட்டால் நீர் ஓடும் பாதை மாறிவிடும். இதை மறந்தால் பத்து நிமிடத்தில் அதே துளையில் அதே சத்தம்.

ஒட்டும் பேடுக்கும் அதே தாள். இடக்கைச் சுண்டுவிரலின் சி ஷார்ப் / ஜி ஷார்ப் கீ இதற்குப் பேர்போனது. இரண்டு மூன்று தடவை தாளை வைத்து மூடித் திறந்து, கடைசியில் மூடியே இருக்கும்போது மெதுவாக இழுங்கள். முகப் பவுடர் போடுவது நம்மூரில் பரவலான பழக்கம். வேண்டாம். ஈரத்தோடு சேர்ந்து களிம்பாகி, அடுத்த வாரம் இன்னும் அதிகமாக ஒட்டும்.

சுருதி நிற்கவில்லை

எல்லா ஸ்வரமும் கூடுதலாக இருந்தால் பேரலை (மவுத்பீஸுக்கும் மேல் துண்டுக்கும் நடுவிலுள்ள சிறு துண்டு) ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுங்கள். இதற்கு மேல் இழுக்க வேண்டியிருந்தால் பேரலை விட்டுவிட்டு நடு இணைப்பில் இழுங்கள். பேரலையே இழுத்துக்கொண்டு போனால் தொண்டை ஸ்வரங்கள் மற்றவற்றைவிட அதிகமாகத் தாழ்ந்துபோகும். இழுத்த இடத்தில் விழும் இடைவெளியும் அந்த ஸ்வரங்களைத்தான் முதலில் பாதிக்கும். வெயில் காலத்து மேடையில் சுருதி ஏறுவது வாத்தியத்தின் குற்றமல்ல. காற்றில் ஒலிவேகம் ஒரு டிகிரிக்கு விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடுகிறது. ஊதிச் சூடேற்றிய பிறகு சுருதி சேருங்கள், பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அல்ல.

ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் தாழ்ந்து மங்கினால் துளை அடைத்திருக்கும். பல்குத்தும் குச்சியால் விளிம்பில் ஒட்டிய அழுக்கை எடுங்கள். அதுவும் இல்லை என்றால் பேடு போதிய அளவு திறக்கவில்லை. கீயின் அடியிலுள்ள கார்க் தடித்திருக்கும்.

இணைப்பு இறுகியோ தளர்ந்தோ இருக்கிறது

இறுகினால் கார்க் கிரீஸ். வாஸலின் தடவினால் நாளடைவில் கார்க்கின் பசையை இளக்கிவிடும் என்பது பல பழுதுபார்ப்பவர்களின் கருத்து, எனக்கும் அதே அனுபவம். தளர்ந்து ஆடினால் குழாய்க்காரர்கள் பயன்படுத்தும் வெள்ளை டெஃப்லான் நாடாவை இரண்டு சுற்று சுற்றுங்கள். கார்க் மாற்றும்வரை தாங்கும். மழைக்காலத்தில் மரமே பருத்து இணைப்பு இறுகும். அப்போது முறுக்கிப் பிடுங்கவேண்டாம், ஒரு மணி நேரம் உலரவிடுங்கள்.

கீ எழும்பவில்லை, அல்லது சும்மா தொங்குகிறது

பெரும்பாலும் ஊசி ஸ்பிரிங் தன் கொக்கியை விட்டு நழுவியிருக்கும். குரோஷா ஊசி ஒன்றை பெட்டியில் வைத்திருங்கள். ஸ்பிரிங்கை மெல்லத் தள்ளி அதன் பிடியில் மாட்டிவிடலாம். கீ மந்தமாக நகர்ந்தால் ஊசி முனையில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் எடுத்துத் தண்டின் முனைகளில் தொடுங்கள். ஒரு சொட்டு என்றால் ஒரே சொட்டு. பேடில் எண்ணெய் பட்டால் அதற்கு வேறு வைத்தியம் இல்லை. ஸ்பிரிங்கே முறிந்துவிட்டால், மேடையில் நிற்கிறீர்கள் என்றால், மூடியே இருக்க வேண்டிய கீயை ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். அழகில்லை, ஆனால் நிகழ்ச்சி நடக்கும்.

உடலில் ஒரு கோடு தெரிகிறது

ஆப்பிரிக்கக் கருங்காலி மரம். ஏ.சி. அறையிலிருந்து வெயிலுக்கும் வெயிலிலிருந்து ஏ.சி.க்கும் போய்வந்தால் பிளக்கும். புது வாத்தியத்தை முதல் சில வாரங்களுக்கு ஒரு நாளில் 15, 20 நிமிடத்துக்கு மேல் ஊதாதீர்கள். கோடு மேல் துண்டின் துளைகளுக்கு நடுவே ஓடினால் உடனே ஊதுவதை நிறுத்துங்கள். கடையில் கிடைக்கும் உடனடிப் பசையை ஊற்றி மூடிவிட்டு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழுதுபார்ப்பவர் அந்தப் பசையைச் சுரண்டி எடுக்கவே முதலில் ஒரு மணி நேரம் செலவிடுவார், அதற்கும் சேர்த்துப் பணம் கேட்பார்.